எங்க நைனாவுக்கு மீசை இருக்கு

“பிள்ளைகளைக் கடத்துகிறவர்கள், அடையாளம் தெரியாமல் இருக்க மொட்டை அடித்துவிடுவார்கள். புதிதாக மொட்டை அடித்த குழந்தை, கூட வருபவரிடம் ஒட்டாமல் அழுதுகொண்டிருந்தால் உடனே கவனியுங்கள். பிஸ்கட், ஜூஸ் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்கிறாரா என்று பாருங்கள். குழந்தையையே கேளுங்கள்.”

மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. ஒரு பக்கம் தமிழ், திருப்பினால் தெலுங்கு. எங்கள் தெரு நலச் சங்கம் அச்சடித்து, ஆந்திர எல்லையில் திருப்பதி ரோட்டில் இருக்கும் எங்கள் புத்தூர் முழுக்கக் கொடுத்த நோட்டீஸில் இருந்த வரிகள் இவை. தமிழ்ப் பக்கத்தை எழுதியவன் நான். தெலுங்குப் பக்கத்தைப் பிழை பார்த்தவனும் நான்தான்.

இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு என் தேதிப் பித்து பழகியிருக்கும். கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் பதிகிற வேலையிலேயே தலை நரைத்தவன் நான். ஒரு தேதி பிசகினால் இரண்டு மாப்பிள்ளை ஊர்வலங்கள் ஒரே வாசலில் வந்து நிற்கும். அந்தப் பயத்தில் வந்த பழக்கம், ஊரில் நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்கும் வியாதியாக முற்றிவிட்டது.

இந்த வாரம் மட்டும் தேதி கிடையாது. நடந்ததை எழுதலாமா என்று அந்தக் குழந்தையின் அம்மாவைக் கேட்டபோது, அவள் கண்டிப்பாகச் சொன்னாள்: “எங்க பேரு வரக்கூடாது. என்னைக்கு நடந்துச்சுன்னும் போடாதீங்க. ஆனா நீங்க சொன்னத நீங்க சொன்ன மாதிரியே போடணும். மழுப்பக் கூடாது.”

ஆகவே அவர்கள் மூவருக்கும் நானே பெயர் வைத்திருக்கிறேன். அம்மா பூங்கொடி, அப்பா ரமணய்யா, குழந்தை சின்னி. மழுப்பாமல் எழுதப் பார்க்கிறேன்.

கூட்டம் போட்ட காரணம்

முதலில், நோட்டீஸ் எதற்கு வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பையன் பள்ளிக்கூட வாசலில் இருந்து காணாமல் போனான். அவன் அப்பாவின் பவர்லூம் ஷெட்டில் முன்பு வேலை பார்த்த ஆள் பைக்கில் வந்து, “உங்க நைனா கூட்டிக்கினு வரச் சொன்னாரு” என்றிருக்கிறான். பையன் ஏறிக்கொண்டான். ஏன் ஏறமாட்டான்? அந்த ஆளின் மடியில் உட்கார்ந்து சோறு தின்ற பிள்ளை அவன். வேலையை விட்டு நிறுத்திய கோபத்தில் முதலாளியைப் பதறவைக்க வேண்டும் என்பதுதான் ஆளின் திட்டம். சாயங்காலத்துக்குள் ரேணிகுண்டா ஸ்டேஷனில் இருவரையும் பிடித்துவிட்டார்கள். பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் அந்தப் பகல் முழுக்க எங்கள் தெருவில் தறி ஓடவில்லை. தறிச் சத்தத்திலேயே வாழ்கிறவர்களுக்கு அது நின்றால் காது வலிக்கும். அன்று வலித்தது.

ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை, மண்டபம் சும்மா கிடந்தது. பெற்றோர்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசலாம் என்று சங்கத்தில் முடிவு செய்தோம். நான் செயலாளர். கூட்டம் நிறைந்துவிட்டது. தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

எழுந்து நின்று நான் முதலில் சரியாகத்தான் ஆரம்பித்தேன். “கூட்டிக்கொண்டு போனவன் தெரிந்த ஆள். அதை மறக்கக் கூடாது” என்றேன்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் உடனே மறித்தார். “தெரிஞ்சவன்னு நோட்டீஸ்ல போட்டா நாளைக்கு யார் மூஞ்சிய யார் பாக்கறது சார்? எல்லாரும் ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் வேல செய்யறவங்க. வெளியூர்க்காரன்னு போடுங்க. அதான் மரியாத.”

மண்டபமே தலையாட்டியது. நிம்மதியான தலையாட்டல் அது.

பிறகு என் மனைவியின் தம்பி முனிரத்னம் எழுந்தான். பஸ் ஸ்டாண்டில் ஜூஸ் கடை வைத்திருக்கிறான். நல்லவன், வேகமானவன், வேகம் கொஞ்சம் அதிகம். போனில் வந்த ஒரு செய்தியை உரக்கப் படித்தான். மொட்டை அடிக்கிற வரி அதில்தான் இருந்தது. யார் எழுதியது, எந்த ஊரில் நடந்தது, ஒன்றும் இல்லை.

ஒரு கோவிலில் கும்பாபிஷேகம் எந்த ஆண்டு நடந்தது என்று எழுதுவதற்கு முன் கல்வெட்டையும் பார்ப்பேன், இரண்டு பெரியவர்களையும் கேட்பேன். அப்படிப்பட்ட நான் அந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டேன். மண்டபம் தலையாட்டிக்கொண்டிருந்தது, எனக்கும் அது பிடித்திருந்தது.

மூட்டைக்காரன்

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது பிள்ளைபிடிக்கிறவன் கையில் கோணிப்பை இருக்கும் என்பார்கள். ஆற்றில் பாலம் கட்டுகிறார்கள், தூணுக்குப் பலி கொடுக்கப் பிள்ளை வேண்டுமாம் என்று ஒரு பேச்சு வந்தது. அந்த வாரம் பழைய பேப்பர் வாங்க வந்த ஒரு கிழவரை எங்கள் தெருவில் நுழையவிடாமல் துரத்தினார்கள். நானும் கல் எடுத்துக்கொண்டு ஓடியதாக ஞாபகம். எறிந்தேனா என்பது ஞாபகமில்லை.

அப்புறம் சில வருடங்கள் கழித்து வடக்கத்திப் போர்வை வியாபாரிகள். அதற்கும் பிறகு, தனக்குத்தானே பேசிக்கொண்டு போன ஒரு பெண்பிள்ளை. ஒவ்வொரு முறையும் ஊர் காவல் காத்தது. ஒவ்வொரு முறையும் அடிவாங்கியவர் ஏதோ ஒரு வழிப்போக்கர். எங்கள் ஊரில் உண்மையில் ஒரு பிள்ளையை ஏமாற்றிக் கூட்டிப்போனவன் என்று எனக்குத் தெரிந்தவன், அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டியவன்தான்.

இதெல்லாம் நான் எழுதிவைத்தவை. எழுதுகிறபோது ஊரார் அறியாமையைப் பற்றி எனக்கு ஒரு மெல்லிய சிரிப்பு இருந்தது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டை மாற்றிக்கொண்டு போனேன்

நோட்டீஸ் கொடுத்துச் சில வாரங்கள் ஆகியிருக்கும். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். முனிரத்னம் போன் செய்தான். மூச்சு வாங்கியது.

“மாமா! ஒடனே பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. நம்ம நோட்டீஸ்ல போட்டமே, அச்சு அசலா அதே மாதிரி ஒருத்தன் மாட்டிக்கினான். மொட்ட அடிச்ச பொட்டப்புள்ள. அழுதுக்கினே கீது. எங்கிட்டயே வந்து மாம்பழ ஜூஸ் வாங்கறான் மாமா, எங்கிட்டயே!”

நான் பதறவில்லை. மகிழ்ந்தேன். நாம் எழுதிய ஒன்று வேலை செய்கிறது என்ற மகிழ்ச்சி. போகும் முன் இஸ்திரி போட்ட சட்டையை மாற்றிக்கொண்டேன். என் மனைவி கமலா கேட்டாள், “பஸ் ஸ்டாண்டுக்குத்தான, எதுக்கு இந்தச் சட்ட?” பொத்தானைப் போட்டுக்கொண்டே படி இறங்கினேன்.

ஜூஸ் கடை முன் கூட்டம். நடுவில் ஒரு ஆள், முப்பது வயதிருக்கும். அவன் தலையும் மொட்டை. சந்தனம் காய்ந்து பொருக்கு விட்டிருந்தது. மேலுதடு வெளுத்துக் கிடந்தது. ஒரு கையில் லட்டுப் பை. நெய் கசிந்து பை கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. இன்னொரு கையில் ஒரு பெண் குழந்தையின் மணிக்கட்டு. குழந்தை அவனிடமிருந்து பிய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கால்களை உதைத்து, “அம்மா, அம்மா” என்று வீறிட்டது. அதன் தலையிலும் சந்தனம். காதோரம் கத்தி பட்ட சின்ன ரத்தக் கோடு.

“மா பாப்பன்னா, மா பாப்ப” என்று அந்த ஆள் திரும்பத் திரும்பச் சொன்னான். எங்கள் பாப்பா அண்ணா, எங்கள் பாப்பாதான். சூளூர்ப்பேட்டைப் பக்கத்துத் தெலுங்கு. எங்கள் ஊர்த் தெலுங்கு இல்லை. கூட்டத்துக்கு அதுவும் ஒரு சாட்சியாகிவிட்டது.

“அம்மா எங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

“முன்னாடி பஸ்ல போயிட்டா.”

“போன் பண்ணு.”

“அவகிட்ட போன் இல்ல. இது சார்ஜ் போயிடுச்சு.”

“அடடா, கத நல்லாக் கீதே!” என்று முனிரத்னம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

அந்த ஆள் பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து நீட்டினான். அதில் அடர்ந்த தலைமுடியும் முறுக்கிய மீசையுமாக ஒருவன் இருந்தான். “இதுவா நீ? எவன் கார்டுய்யா இது?” கார்டு கை மாறி மாறிக் கூட்டத்துக்குள் போய்விட்டது.

அப்போது எல்லோரும் வழிவிட்டார்கள். சங்கத்துச் செயலாளர் வந்திருக்கிறார்.

நான் கேட்டது

குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். மெதுவாக, இனிமையாக, தெலுங்கில் பெயர் கேட்டேன். விக்கிக்கொண்டே சொன்னது.

“பயப்படாதே கண்ணு. இவர் யாரு? உங்க நைனாவா?”

குழந்தை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தது. அவன் சிரிக்க முயன்றான். குழந்தை முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டு சொன்னது:

“காது.”

தெலுங்கில் ‘இல்லை’. அந்த ஒரு சொல்லுக்குத்தான் கூட்டம் காத்திருந்தது. முனிரத்னத்தின் கை அந்த ஆளின் கன்னத்தில் விழுந்த சத்தம் என் தலைக்கு மேல் கேட்டது. இன்னும் இரண்டு மூன்று கைகள். லட்டுப் பை கீழே விழுந்தது.

குழந்தை சொல்லி முடிக்கவில்லை. என் தோளுக்குள்ளேயே மீதியைச் சொன்னது. அது என் காதுக்கு மட்டும்தான் கேட்டது.

“மா நான்னக்கு மீசம் உந்தி.”

எங்க நைனாவுக்கு மீசை இருக்கு.

திருப்பதி ரோட்டில் பிறந்து, வளர்ந்து, நரைத்தவன் நான். நாள் முழுக்க மொட்டைத் தலைகளை இறக்கிவிடுகிற பஸ் ஸ்டாண்டில் குந்தியிருக்கிறேன். மீசை இழந்த ஒரு முகம் எதிரில் நிற்கிறது. ஒரு குழந்தை, நடந்தது என்ன என்பதை ஒரே வரியில் என்னிடம் சொல்லிவிட்டது.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, ஒரு கையை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

“கேட்டுக்குங்க! இந்தப் பாப்பாவோட அப்பாவுக்கு மீசை இருக்காம்! இவன் அவ அப்பா இல்லை!”

இதைத்தான் மழுப்பக் கூடாது என்று பூங்கொடி சொன்னாள்.

அதற்குப் பிறகு விழுந்த அடிகள் என் சொல்லுக்கு விழுந்தவை. “அடிக்காதீங்க, போலீஸ் வரட்டும்” என்று நான் கத்தியதும் உண்மை. ஆனால் அவன் நிரபராதி என்று நினைத்துக் கத்தவில்லை. குற்றவாளியைச் சட்டப்படி ஒப்படைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

குழந்தை அதற்குள் அழுகையை நிறுத்திவிட்டது. அடிவாங்கும்போது அவன் “சின்னி, சின்னி” என்று கூப்பிட்டான். முகம் மாறியிருந்தாலும் குரல் மாறவில்லை. குழந்தை தலையைத் தூக்கி அந்தக் குரலைப் பார்த்தது. என் தோளில் அதன் உடம்பு விறைத்துப்போனது.

சார்ஜர்

பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி வந்தாள். யார் கூப்பிட்டார்களோ தெரியாது, நான் கூப்பிடவில்லை. வந்தவள் யாரிடமும் கதை கேட்கவில்லை. அந்த ஆளைக் கடைக்குள் தள்ளி உட்காரவைத்தாள். அவன் போனை வாங்கி, முனிரத்னத்திடம் சார்ஜர் கேட்டாள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் எங்கள் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழேதான் பிளக் பாயிண்ட்.

கொஞ்ச நேரத்தில் போனுக்கு உயிர் வந்து, வந்தவுடனே அடித்தது. கான்ஸ்டபிள் ஸ்பீக்கரில் போட்டாள்; பேசியது அந்த ஆளின் மைத்துனன்.

“மாமா, எங்க கீறீங்க? அக்கா இங்க நகரி பஸ் ஸ்டாண்டுல அழுதுக்கினு நிக்குது!”

கூட்டத்தின் ஓரம் கரைய ஆரம்பித்தது. நடுவில் இருந்தவர்கள்தான் போக வழியில்லாமல் நின்றோம்.

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்து, “அஞ்சு பேரு சேந்தா கூட்டம் சார், கூட்டம் சேந்தா கேஸ். புகார் குடுக்கறதும் குடுக்காததும் அந்த ஆளு இஷ்டம்” என்றாள். பிறகு குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். என் சட்டைத் தோளில் சந்தனமும் கண்ணீரும் சேர்ந்து ஒரு கறை.

நடந்தது இவ்வளவுதான். மலையில் குழந்தைக்கும் அப்பாவுக்கும் முடி இறக்கியிருக்கிறார்கள். அவன் மீசையையும் எடுத்துவிட்டான். அதிலிருந்தே குழந்தை அவனிடம் போகவில்லை. அம்மா இடுப்பிலேயே தொத்திக்கொண்டிருந்திருக்கிறது. திருப்பதியில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ், நெரிசல். பூங்கொடி பைகளோடு முண்டி ஏறி, தூங்கிப்போன சின்னியை ஜன்னல் வழியாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். நாமெல்லாம் செய்வதுதான்; துண்டைப் போட்டு இடம் பிடிப்போம், பிள்ளையை ஜன்னலில் கொடுப்போம். அவன் கொடுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறான். வடமாலபேட்டை தாண்டியதும் குழந்தை கண்விழித்துப் பார்த்தால் அம்மா இல்லை, யாரோ ஒரு மொட்டை ஆள் மடியில் படுத்திருக்கிறது. புத்தூரில் இறங்கி, ஜூஸ் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யப் பார்த்தான்.

பூங்கொடி நகரிக்காரி; அவள் தாய்வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். தம்பியின் பைக்கில் வந்து இறங்கினாள். முதலில் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அப்புறம் புருஷனின் உதட்டைப் பார்த்தாள். அப்புறம் எங்களைப் பார்த்தாள்.

“எவன்டா எம் புருசன் மேல கைய வெச்சது?”

சிலர் முனிரத்னத்தைப் பார்த்தார்கள்.

“திருப்பதி ரோட்டுல குந்திக்கினு மொட்டயப் பாத்து பயந்தீங்களா? இந்த ரோட்டுல போற பஸ்ஸுல பாதித் தல மொட்டதானய்யா!”

முனிரத்னத்தின் தலையில் இருந்த தொப்பியை ஒரே தட்டு. அடியில் போன மாதம் திருமலையில் இறக்கிய முடி, முள் முள்ளாக முளைத்திருந்தது.

“இது என்னாது? ஒன்ன எவன் புடிச்சிக்கினு வந்தான்?”

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். ஒருவனுக்கு உதட்டில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்போது சிரித்தோம். ரமணய்யா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கீழே நசுங்கிக் கிடந்த லட்டுப் பையை எடுத்து, மண்ணைத் தட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டான். புகார் வேண்டாம், போய்விடுகிறோம் என்றான்.

கட்டிலுக்கு அடியில்

வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சட்டையை வாங்கி வாளியில் போட்டாள். பிறகு, “நம்ம பையன் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சிக்கினானே, அது மறந்துபோச்சா ஒங்களுக்கு?” என்றாள்.

மறக்கவில்லை. அதுதான் கேவலம். பல வருடங்களுக்கு முன் நான் மலைக்குப் போய் முடியும் மீசையும் கொடுத்துவிட்டு வந்த அன்று, எங்கள் பையன் என்னைப் பார்த்து வீறிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். வெளியே வரவே இல்லை; சோற்றுத் தட்டையே உள்ளே தள்ள வேண்டியிருந்தது. “எங்க நைனா எங்க?” என்று என்னையே கேட்டான். உறவுக் கல்யாணங்களில் எல்லாம் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை அது. எங்கள் ஊரில் இப்படி ஒரு கதை இல்லாத வீடே இருக்காது. அன்று பஸ் ஸ்டாண்டில் நின்ற ஆண்களில் பாதிப் பேராவது அந்தக் கதைக்குள் ஒரு தடவை இருந்திருப்பார்கள்.

எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒன்று, நோட்டீஸில் ஒரு வரி அச்சானதும் எங்களுக்குத் தெரியாததாகிவிட்டது.

சூளூர்ப்பேட்டை

மன்னிப்புக் கேட்கப் போனது சில மாதங்கள் கழித்து. ஏன் அத்தனை தாமதம் என்று கேட்டால், வெட்கம் என்றுதான் சொல்ல முடியும். முனிரத்னமும் வருவதாக இருந்தது. “வரேன் மாமா, நீங்க போய்க்கினே இருங்க” என்றான். இன்றுவரை வரவில்லை.

நானும் கமலாவும் போனோம். ரயில் பாதையை ஒட்டிய வீடு. ரமணய்யாவுக்கு மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிற வேலை. அவன் கைகள் ஊறி வெளுத்திருந்தன. மீசை பழையபடி வளர்ந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். அதை எதிர்பார்க்கவில்லை, திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மன்னித்துவிடப்பா என்றேன். “பரவால்லண்டி” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

சின்னி வாசலில் இருந்தாள். முடி பிரஷ் மாதிரி நின்றிருந்தது. நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் வாங்கிப் போகிற வழக்கம்; யோசிக்கவே இல்லை. வாங்கிக்கொண்டாள். கமலா “வா கண்ணு” என்று கை நீட்டினாள். வந்தாள். கமலா தூக்கியபோதும் சின்னி பேசாமல் இருந்தாள்.

“நல்ல புள்ள” என்றாள் கமலா.

பூங்கொடி அடுப்படியிலிருந்து வந்தாள். “நல்ல புள்ளயா? அம்மா, கொஞ்சம் கெட்டியா புடிங்க பாக்கலாம். கைய வலிக்கிற மாதிரி.”

கமலாவுக்குப் புரியவில்லை. பூங்கொடியே குழந்தையின் புஜத்தில் லேசாகக் கிள்ளினாள். குழந்தையின் கண் நிறைந்தது. வாய் திறக்கவில்லை.

“பாத்தீங்களா? முன்னெல்லாம் வேத்தாள் தொட்டா ஊரே ஓடிவர மாதிரி கத்துவா. இப்ப யாரு கூப்பிட்டாலும் போறா. யாரு குடுத்தாலும் துன்றா. வேணாம்னே சொல்றது இல்ல. அன்னைக்கு வாயத் தொறந்ததுக்குத்தான நைனாவ அடிச்சாங்க…”

ஒரு ரயில் போனது. வீடு அதிர்ந்தது. அது போய் முடிகிறவரை அவள் காத்திருந்து, பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“புள்ளைங்களக் காப்பாத்தணும்னுதான நோட்டீசு போட்டீங்க? இப்ப எவனாவது எம் புள்ளயத் தூக்கிக்கினு போனா சத்தமே வராது. எனக்குத் தூக்கம் வரல சார்.”

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதிவைக்கவில்லை.

இரண்டாவது கூட்டம்

மறுபடி முகூர்த்தம் இல்லாத ஒரு மாதத்தில் மண்டபத்தில் கூட்டம் போட்டேன். இந்த முறை பாதி நாற்காலிகள் காலி. நடந்ததை, மேலே எழுதியிருக்கிறபடியே சொன்னேன். அன்று பஸ் ஸ்டாண்டில் இருந்த சிலர் நடுவில் எழுந்து போனார்கள்.

புதிய நோட்டீஸில் மொட்டை இல்லை, வெளியூர்க்காரன் இல்லை. பிள்ளையைக் கூட்டிப்போகிறவன் பெரும்பாலும் பிள்ளைக்குப் பெயர் தெரிந்தவனாக இருப்பான் என்பதை முதலில் போட்டேன். வீட்டுக்கு ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். யார் வந்து கூப்பிட்டாலும் அந்தச் சொல்லைப் பிள்ளை கேட்கட்டும் என்று எழுதினேன். இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வாண்டு மேடைக்கு ஓடிவந்து மைக்கில், “எங்க வீட்டுச் சொல்லு பூரி!” என்று அறிவித்துவிட்டது. அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அன்று சிரித்ததில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

வழியில் சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள், அருகில் நில்லுங்கள், கை வைக்காதீர்கள் என்றும் எழுதினேன். கூட்டத்தின் நடுவில் வைத்துக் குழந்தையைக் கேள்வி கேட்காதீர்கள் என்ற வரி எனக்காக எழுதியது. பிள்ளை ‘வேண்டாம்’ என்று சொன்னால், தாத்தாவாக இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லுக்கு மரியாதை இருக்கிறது என்று அது தெரிந்துகொள்ளட்டும் என்பது கடைசி. அது பூங்கொடி போனில் சொல்லிக் கொடுத்தது.

அவளோடு அவ்வப்போது பேசுகிறேன். வீட்டில் தினமும் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்களாம். ரமணய்யா மீசையைத் துண்டால் மறைத்துக்கொண்டு வந்து கையைப் பிடிப்பான். சின்னி ‘வேணாம்’ என்று கத்த வேண்டும். கத்தினால் அவன் உடனே விட்டுவிட்டு, கையைக் காட்டி, “பாரு, யாரும் அடிக்கல” என்பான். பல வாரங்கள் அவள் துண்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

போன வாரம் பூங்கொடியே கூப்பிட்டாள். சூளூர்ப்பேட்டை மார்க்கெட்டில், தெரிந்த பூக்காரி ஒருத்தி கொஞ்சலாகச் சின்னியை இழுத்து அணைத்தாளாம். சின்னி ‘வேணாம்’ என்று கத்தினாளாம். நாலு கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

போனை ரமணய்யா வாங்கினான். தானும் கூட இருந்ததாகச் சொன்னான். கத்தவில்லை, கையைத் தட்டிவிட்டாள், அவ்வளவுதான் என்றான். உதடு மட்டும் அசைந்ததாம்.

இருவரும் ஒரே இடத்தில் நின்றவர்கள். இருவருக்கும் என்னிடம் பொய் சொல்லக் காரணம் இல்லை. மார்க்கெட்டில் வேறு யாரையும் நான் இன்னும் விசாரிக்கவில்லை. குழந்தையைக் கேட்கப்போவதில்லை. அவள் கத்தினாளா என்பது, இதை எழுதுகிற இன்றுவரை, உறுதியாகவில்லை.